நுனிப் பாதி

அமுக்கினால் ஒரு முனை முங்கி மறுமுனை எழுகிறது, ஆறு சோளக் கதிர்களும் அப்படித்தான், கொதிக்கிற தண்ணீருக்கு மேலே முதுகைக் காட்டிக்கொண்டு புரள்கின்றன, விட்டால் முதுகுப் பக்கம் வேகாமல் வெளிறிப்போகும், ஒரு தட்டைக் கவிழ்த்து அதன்மேல் இடிகல்லை ஏற்றி வைத்தால் அடங்கும், எழிலரசி அப்படித்தான் வைப்பாள், கல்லுக்கு அடியில் தட்டு டக் டக்கென்று துள்ளும், மாடிப்படி ஏறும்போதே அந்தச் சத்தம் கேட்டுவிடும், இன்று இடிகல் என் மாமியாரிடம் இருக்கிறது, ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்து வடைக்கு மிளகு நுணுக்கிக்கொண்டிருக்கிறார், அதனால் நான் கரண்டியால் அமுக்கிக்கொண்டு நிற்கிறேன், கரண்டியை எடுத்ததும் எழுகின்றன, ஒரு வருடமாக இந்த அடுப்பில் டீயைத் தவிர எதுவும் கொதித்ததில்லை, எழில் செத்து இன்றோடு ஒரு வருடம், டெங்கு, ஒன்பது நாள், அவ்வளவுதான், இன்று முதல் திதி, வீடு முழுக்க ஆட்கள், எல்லோருக்கும் பசி.

படையல் என்றால் செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் இலையில் வைப்பது, வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி எல்லோரும் வெளியே போய் நிற்பது, செத்தவர் வந்து சாப்பிட்டுப் போவாராம், பிறகு கதவைத் திறந்து நாம் சாப்பிடுவது, அதில் ஒன்றையாவது புருஷன் தன் கையால் செய்ய வேண்டும் என்று போன வாரம் போனில் சொன்னார் அத்தை, அவளுக்கு என்ன புடிக்குமோ அதுல ஒண்ணு மாப்ள, நீங்க செஞ்சு வைங்க, அவர் முடிப்பதற்குள் சோளம் என்றேன், சோளமா என்றார், ஆமா அத்தை, அவிச்ச மக்காச்சோளம், தெனம் சாயங்காலம் சாப்புடுவா, பெற்றவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறது என்று ஒரு மிதப்பு வந்தது, இந்த ஒரு வருடத்தில் எனக்குள் அசைந்தது அது ஒன்றுதான், அந்த மிதப்போடுதான் காலையிலிருந்து இவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அத்தை தூக்குச்சட்டி நிறைய அதிரசம் கொண்டுவந்திருக்கிறார், எழிலுக்கு இதுன்னா உசுரு என்கிறார், கல்யாணமான முதல் தீபாவளிக்கு அவர் கொடுத்தனுப்பிய அதிரசத்தை எழில் அப்படியே கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள், நான் பார்த்தேன், என் அக்கா ஆரஞ்சு நிறத்தில் கேசரி கிண்டியிருக்கிறாள், எங் கேசரின்னா சட்டியோட வச்சுக்குவா என்கிறாள், அக்காவுக்குச் சர்க்கரை, இப்படிப்பட்ட நாளில்தான் அவளும் இனிப்பைத் தொட முடியும், எழிலின் பெரியப்பா ஒரு சீப்பு ரஸ்தாளி வாங்கிவந்து இரண்டைப் பிய்த்துத் தின்றுவிட்டு மிச்சத்தை எழிலுக்கு வைத்திருக்கிறார், ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்ததைச் செத்தவள் பேரில் வைக்கிறார்கள், செத்தவர்கள் மறுத்துப் பேசுவதில்லை, அவர்களிடம் உள்ள பெரிய வசதி அது.

ஏன்டா இப்படி மல்லுக்கட்டுற, குக்கர்ல போட்டு அஞ்சு விசில் வுட்டா ஆச்சு, என்று குண்டானை எட்டிப் பார்க்கிறாள் அக்கா, குழைஞ்சுரும்க்கா என்கிறேன், கொழஞ்சா நல்லதுதானே, எழிலோட பெரியப்பாருக்குக் கடிக்க வரும், அதைக் கேட்டுப் பெரியப்பா ஹாலிலிருந்து, எனக்கு அவிச்சது ஆவாது மாப்ள, சுட்டு எலுமிச்சம்பழமும் மொளகாப்பொடியும் தேய்ச்சுக் குடுங்க, மெட்ராஸ்ல பீச்சுல விக்கிறானே அது மாதிரி, என்கிறார், திதி அவருக்குத்தான் என்பது போல, மஞ்சத்தூள் போட்டீங்களா மாப்ள என்கிறார் அத்தை, எல்லோருக்கும் சரி என்கிறேன், எதையும் செய்யவில்லை, சிலிண்டரைப் பார்க்க நான் குனிந்த நேரத்தில் அக்கா ஒரு கை கல்லுப்பை அள்ளிக் குண்டானில் போட்டுவிட்டாள், உப்பில்லாம அவிப்பாங்களாடா என்றாள், அதோடு, நாக்குல கீக்குல வச்சுப் பாத்துறாத, படைக்கிற வரைக்கும் ருசி பாக்கக் கூடாது, ஆக வெந்ததா என்று தெரியக் கூடாது, உப்பு எவ்வளவு என்று தெரியக் கூடாது, யாரும் தின்று பார்க்காத ஒன்றை, தின்ன முடியாத ஒருத்திக்கு வைக்க வேண்டும், இதைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் அடுப்படிப் பக்கம் போகாதவன்.

அவிக்கிற தண்ணீரில் உப்புப் போட்டால் மணியின் தோல் தடித்துவிடும், எழிலுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான், எனக்கு விவசாயப் படிப்பு, கோழித்தீவன ஆலையில் வேலை, லாரியில் வரும் மக்காச்சோளத்தில் ஈரம் எத்தனை சதவீதம் என்று கருவியில் போட்டுப் பார்த்து, பதினாலுக்கு மேல் இருந்தால் லாரியைத் திருப்பி அனுப்புகிறவன், பெரம்பலூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு என் பேர் தெரியாது, மாய்ச்சர் சார் என்றால் தெரியும், மணியைப் பல்லில் வைத்துக் கடித்தே ஈரத்தைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம், அரியலூரில் வளர்ந்த எழிலுக்குச் சோளம் என்றால் கோழிக்குப் போடுவது, கல்யாணமாகி வந்த முதல் கார்த்திகையில் நான்கு இளங்கதிரைக் கொண்டுவந்து கொடுத்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன், ஒடித்த நிமிடத்திலிருந்து இனிப்பு மாவாக மாறத் தொடங்கும், நகத்தால் கிள்ளினால் பால் பீய்ச்ச வேண்டும், உள்தோகை இரண்டை விட்டுவிட்டு மிச்சத்தை உரி, சரியாகச் சொன்னால் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டுத்தான் கதிரை ஒடிக்கவே போக வேண்டும், என்றேன், அப்ப அடுப்பையும் தூக்கிக்கிட்டுக் காட்டுக்கே போயிருவோமா மாய்ச்சர் சார், என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், எப்போதும் அப்படித்தான் சிரிப்பாள், சிரிப்பைக் கண்ணில்தான் பார்க்க முடியும், அடக்கமான பெண் என்று நினைத்துக்கொண்டேன், எனக்கு அது பிடித்திருந்தது.

இதோ அந்தக் கார்த்திகைச் சாயங்காலம் ஆறு மணி, நான் படியேறுகிறேன், தட்டு துள்ளுகிற சத்தம், செருப்பைக் கழற்றும்போதே ஆவி மணக்கிறது, இரண்டு கதிர் வெந்திருக்கிறது, ஒன்று எனக்கு, இன்னொன்றை நடுவில் ஒடிப்பேன், நுனிப் பாதியக் குடுங்க என்பாள், நுனியில் என்ன இருக்கிறது, சூம்பிய மணியும் சக்கையும், இருந்தாலும் கேட்டு வாங்கிக்கொள்வாள், ஆறட்டும், சூடா கடிச்சா பல்லு கூசும் என்று அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போவாள், நான் ஹாலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே என்னுடைய ஒன்றரையையும் முடித்துவிட்டு, நல்லா இருந்துச்சா என்று உள்ளே பார்த்துக் கேட்பேன், பால் மாதிரி இருந்துச்சு என்பாள், மறுநாள் காலை உப்புமாவில் சோளமணி கிடக்கும், அடையில் கிடக்கும், எதையும் வீணாக்காதவள் என்று அதற்கும் ஒரு சான்றிதழ் கொடுத்துவைத்திருந்தேன், இரண்டு கார்த்திகை இப்படிப் போயிற்று, மூன்றாவதில் காய்ச்சல் வந்தது.

இன்று விடிந்ததும் செல்லமுத்துவின் காட்டுக்குப் போனேன், நான்கு முறை நான் லாரியைத் திருப்பி அனுப்பிய ஆள் அவர், கருது முத்திப்போச்சே சார், பத்து நாளைக்கு முந்தி வந்துருக்கக் கூடாதா, தீவனச் சோளத்தப் போயி யாருக்கு இவ்வளவு அவசரமா, என்றார், படையலுக்கு என்றேன், சாமிக்கா என்றார், இல்ல, பொண்டாட்டிக்கு, அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், மொதல்லயே சொல்றதில்லையா, என்று பனியில் நனைந்த தோகைகளுக்குள் புகுந்து, வாய்க்கால் ஓரத்தில் பிந்தி முளைத்த பயிர்களைத் தேடித் தேடி ஆறு கதிர் ஒடித்துவந்தார், கிள்ளிப் பார்த்தேன், பால் வந்தது, கொஞ்சம் கெட்டிப் பால், வேக வைத்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆலைக்கு வரும் எந்த விவசாயியாவது இப்படிச் சொல்லியிருந்தால் முகத்துக்கு நேரே சிரித்திருப்பேன், ஒரு மணி நேரமாகக் கொதிக்கிறது, கரண்டியால் தட்டினால் இன்னும் கட்டைபோலச் சத்தம் வருகிறது.

வெந்ததோ இல்லையோ இலையில் வைத்தாயிற்று, ஆறு கதிரும் அதிரசத்துக்கும் கேசரிக்கும் நடுவே தோகையோடு கிடக்கின்றன, படத்தில் எழில் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள், சிரிக்கிற படம் ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றிலும் கை வந்து மறைத்துவிடுகிறது, அக்கா சூடம் காட்டுகிறாள், அத்தை முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார், எனக்குக் கண்ணில் ஒன்றும் வரவில்லை, ஒரு வருடமாகவே வரவில்லை, கல்லு மனசு என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள், காரணம் அதுவல்ல, யாரிடமும் நான் சொன்னதில்லை, எரித்த மறுநாள் காலை எலும்பு பொறுக்கப் போனபோது, தகனமேடையில் இருந்த ஆள் சாம்பலைத் துழாவிச் சின்னதாக ஒன்றை எடுத்து ஊதி என் உள்ளங்கையில் வைத்தான், கருத்துப்போன இரும்புத் துண்டு, உள்ளே குழிந்து, புளியங்கொட்டையைக் குடைந்தெடுத்த மாதிரி, பல்லுக்குப் போடுற கேப்பு சார், கலயத்துல சேத்து வச்சுக்குங்க என்றான், இது எங்களோடது இல்ல என்றேன், அவளுக்கு வயது இருபத்தேழு, பொய்ப்பல் எதுவும் கிடையாது என்றேன், நேத்து உங்க ஒண்ணுதான் சார் எரிஞ்சுச்சு என்றான், எல்லோரிடமும் இப்படித்தானே சொல்லுவான் என்று பார்த்தேன் அவனை, லாரியில் காய்ந்த மணியை மேலே பரப்பி ஈரத்தை அடியில் மறைத்துக் கொண்டுவருகிறவர்களைப் பார்க்கிற பார்வை அது, அந்தத் துண்டைச் சுவரோரம் இருந்த கருவேலம் புதருக்குள் வீசி எறிந்தேன், கொள்ளிடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கலயத்தைக் கவிழ்த்தபோது கரையில் எல்லோரும் அழுதார்கள், பொய்ப்பல் வைத்த யாரோ ஒரு கிழவரை இவ்வளவு பேர் அழுது கரைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன், அழுகையும் அங்கேயே நின்றுவிட்டது, யாருக்காக அழுவது, அதன்பிறகு இவர்கள் செய்த காரியம், பூஜை, ஊற்றிய நெய், எல்லாமே எவனோ ஒருவனுக்கு, எழில் எங்கே போனாள் என்றே தெரியாது, இந்தப் படையலும் அப்படித்தான், வாங்க வாங்க, எல்லாரும் வெளிய வாங்க, கதவச் சாத்தணும், என்கிறாள் அக்கா.

மாடிப்படியில் வரிசையாக நிற்கிறோம், வெயில் சுள்ளென்று அடிக்கிறது, உள்ளே செத்தவள் சாப்பிடுகிறாள், வெளியே பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், எழிலின் தங்கை பொற்கொடி கடைசிப் படியில் என் பக்கத்தில் நிற்கிறாள், திருச்சியில் வேலை, காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை, கைப்பையைத் தோளை விட்டு இறக்கவும் இல்லை, மாமா, அந்தச் சோளத்த யாரு வைக்கச் சொன்னது, என்று தணிந்த குரலில் கேட்கிறாள், நான்தான், அவளுக்குப் புடிக்கும்ல என்கிறேன், யாருக்கு, அக்காவுக்கா, ஆமா, அவள் மேல்படிகளைப் பார்த்துவிட்டு இன்னும் தணிந்து, அக்காவால சோளத்தக் கடிக்கவே முடியாது மாமா என்கிறாள், காலேஜ் படிக்கறப்ப கடைவாய்ப் பல்லு சொத்தையாகி ரூட் கேனால் பண்ணி கேப் போட்டது, இரும்பு கேப்பு, சிரிச்சா பளிச்சுனு தெரியும், அதான் கைய வச்சு மூடிக்குவா, கெட்டியா எதையாச்சும் கடிச்சா கழண்டுரும், ரெண்டு தடவ நாந்தான் கூடப் போயி ஒட்டிட்டு வந்தேன், எங்கிட்டச் சொல்லவே இல்லையே என்கிறேன், பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட பல்லப் பத்திப் பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க, அப்புறம் சொல்லாம மறைச்சதுக்கே அவளுக்கு வெக்கமாப்போச்சு, நாளைக்குச் சொல்றேன் நாளைக்குச் சொல்றேன்னுவா, அப்ப அந்தச் சோளம், என்கிறேன், பொற்கொடி முதல்முறையாகச் சிரிக்கிறாள், அக்கா சிரிக்கிற சிரிப்பு, கை மட்டும் இல்லை, நுனிப் பாதியில மணி கம்மி, உதுக்கச் சீக்கிரம் முடிஞ்சுரும்னு கேட்டு வாங்குவாளாம், நீங்க போனு பாக்கறதுக்குள்ள பெருவிரலால உதுத்து டப்பால போட்டு பிரிட்ஜுல வச்சிருவாளாம், மறுநா உப்புமால போட்டு உங்களுக்கே குடுத்துருவாளாம், லாரி லாரியா கண்டுபிடிக்கிறாரு, வீட்டுச் சோளத்த மாய்ச்சர் சாரால கண்டுபிடிக்க முடியலடின்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

எந்தப் பக்கம், என்று கேட்டேன், என்னது மாமா, பல்லு, எந்தப் பக்கம், பொற்கொடி இடது தாடையைத் தொட்டுக் காட்டினாள், கீழ இங்க, கடைசிக்கு முந்துன பல்லு, என் உள்ளங்கையைப் பார்த்தேன், புதருக்குள் எறிந்தது அங்கேயே இருப்பது போல, குழிந்து, கருத்து, புளியங்கொட்டை அளவு, இன்னும் சூடு ஆறாமல் இருந்தது அது, நேத்து உங்க ஒண்ணுதான் சார், அவன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான், ஆக அது அவள்தான், கலயத்தில் இருந்தது முழுக்க அவள்தான், கொள்ளிடத்தில் என் இடுப்பைச் சுற்றிச் சாம்பல் நிறமாகக் கலங்கிப் போனது அவள், தண்ணீர் என் சட்டைக்குள் கொஞ்சம் புகுந்தது, நான் முகத்தைச் சுளித்து உதறினேன், பொற்கொடியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை, அவளுக்கு என்னதான் புடிக்கும் என்று கேட்டேன், இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தவன் கேட்கிற கேள்வியா என்று அவள் பார்க்கவில்லை, தேங்கா பன்னு, என்றாள், அரியலூரு பஸ்ஸ்டாண்டுக் கடையில சுடச்சுட போடுவான், மெத்துனு இருக்கும், கடிக்க வேண்டாம்ல, கைப்பையின் ஜிப்பைப் பாதி இழுத்தாள், உள்ளே எண்ணெய் ஊறிய தாளில் ஒரு பன், காலைல இதுக்குன்னே இறங்கி வாங்குனேன், கடையில வாங்குனதப் படையல்ல வைக்கப்படாதுன்னு அம்மா திட்டிட்டாங்க, அதற்குள் மேலிருந்து, போதும் தொறங்கப்பா, சாப்ட்டுருக்கும், என்றார் பெரியப்பா.

இலையில் இருந்த சோளத்தை எடுத்துவிடலாம் என்று குனிந்தேன், படச்சதுல கை வைக்காதடா, பந்தியில எல்லாருக்கும் போடணும், என்றாள் அக்கா, ஒடித்துப் போட்டார்கள், ஒவ்வொருவராகக் கடித்தார்கள், முத்தின சோளம், உப்புக் கரித்தது, கோழிகூட யோசித்துத்தான் கொத்தும், பெரியப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ருசி நல்லாத்தான் இருக்கு மாப்ள, நமக்குத்தான் பல்லு சரியில்ல, என்றார், எம் பொண்ணு எப்படித்தான் இதத் திம்பாளோ என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்போ என்று அத்தை என் முகத்தைப் பார்த்தார், பல்லை மறைத்தது அவர்தான் என்று சொல்லியிருக்கலாம், காலையில் இருந்த நானாக இருந்தால் சொல்லியிருப்பேன், அத்தைக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன், என்னைவிட மோசமாக அவளைத் தெரியாமல் இருந்தவர் யாரும் அந்தப் பந்தியில் இல்லை, அதிரசம் வைத்தவர் அவளுக்குப் பத்து வயதில் பிடித்ததையாவது வைத்திருந்தார், நான் எனக்குப் பிடித்ததை வைத்தேன், அதுவும் அவள் பாதியையும் சேர்த்துத் தின்றுவிட்டு.

நான்கு மணிக்கெல்லாம் போய்விட்டார்கள், பொற்கொடி கடைசியாக இறங்கினாள், வர்றேன் மாமா என்றாள், அடுப்படி மேடையில் அந்த எண்ணெய்த் தாள் பொட்டலம் இருந்தது, குண்டானில் காலையில் அவித்த தண்ணீர் ஆறிக் கிடக்கிறது, பந்தியில் ஒடிபடாமல் திரும்பிவந்த முழுக் கதிர் ஒன்றை எடுத்து நடுவில் ஒடிக்கிறேன், அடிப்பாதியை மேடையில் வைத்துவிட்டு நுனிப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு பெருவிரலால் உதிர்க்கத் தொடங்குகிறேன், முதல் வரிசைதான் கஷ்டம், ஒன்று விழுந்துவிட்டால் அந்த இடைவெளியில் விரல் நுழையும், பிறகு பக்கத்து வரிசை சாயும், மூன்றாவது வரிசையில் நகத்தடி எரிகிறது, அவள் பெருவிரல் நகத்தடியில் எப்போதும் மாவு படிந்தாற்போல ஒரு வெள்ளை இருக்கும், என்ன அது என்று ஒருமுறை கேட்டேன், சுண்ணாம்பு என்றாள், வெற்றிலை போடாத வீட்டில், அப்போதும் நான் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, அதனால் மணிகளைக் குண்டானிலேயே போடுகிறேன், ஒவ்வொன்றாக விழுகின்றன, விழுந்தது எதுவும் மேலே வரவில்லை, நேராக இறங்கி அடியில் போய்ப் படிகின்றன, தட்டு வேண்டியிருக்கவில்லை, கல் வேண்டியிருக்கவில்லை, கலங்கிய தண்ணீருக்கு அடியில் மஞ்சளாகத் தெரிகின்றன, தண்ணீரில் இன்னும் ஏதோ சொட்டுகிறது, முகத்திலிருந்துதான், துடைக்கக் கை ஓயவில்லை, சூம்பிய கடைசி மணியும் விழுந்தபின் வெறும் கட்டையைப் போட்டேன், அது மட்டும் மிதந்தது.